இங்கில்ஷம்: பழுது மட்டும் பார்த்த ஒரு கிராமத்துத் தேவாலயம்

#1 ஆற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

இங்கிலாந்து என்றாலே வெஸ்ட்மின்ஸ்டர், கேன்டர்பரி, யார்க் என்று பெரிய கோயில்களின் படங்களைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நாட்டின் இடைக்காலம் கிராமத்துத் தேவாலயங்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இங்கில்ஷம். வில்ட்ஷயரின் வடக்கு ஓரத்தில், லெச்லேட் ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மைலில், தேம்ஸ் ஆற்றை ஒட்டி இருக்கிறது. பக்கத்தில்தான் 1789இல் திறந்த தேம்ஸ்–செவர்ன் கால்வாய் ஆற்றோடு சேரும் இடம். கால்வாய் ஓடிய காலத்தில் அங்கே கொஞ்சம் நடமாட்டம் இருந்திருக்கும். இப்போது கோயிலைச் சுற்றி இரண்டு மூன்று வீடுகள், வயல், ஆடு, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கோபுரம் இல்லை. மேற்குச் சுவரின் உச்சியில் இரண்டு மணி தொங்கும் சின்னக் கல் கூடு மட்டும். உள்ளே போனதும்தான் விஷயமே. கட்டடத்தின் பெரும்பகுதி 1205 வாக்கில் எழுந்தது. தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பெட்டி இருக்கைகள் கதவோடு அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பிரசங்கம் கேட்கும். பிரசங்க மேடைக்கு மேல் குரல் சிதறாமல் இருக்க ஒரு மரக்கூரை. எதுவும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை.

சுவர்கள்தான் எனக்கு உயிர். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியும் தீட்டியும் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் ஏழு அடுக்கு. ஒரு சாண் அகல இடத்தில் பார்த்தால் மேலே தடித்த கறுப்பு எழுத்தில் விவிலிய வாசகம். அது உதிர்ந்த ஓட்டையில் வேறு கையெழுத்தில் இன்னொரு வாசகத்தின் பாதி. அதற்கும் கீழே காவிச் சிவப்பில் ஏதோ ஒரு வளைவு. ஆடையின் மடிப்பா, இலையா என்று சொல்ல முடியவில்லை. எந்த அடுக்கையும் யாரும் முழுசாகச் சுரண்டி எடுக்கவில்லை.

தெற்குப் பக்கம் ஒரு சிற்பம் இருக்கிறது. இந்தக் கட்டடத்தை விடவும் பழையது, ஆங்கிலோ–சாக்ஸன் காலம். மடியில் குழந்தையோடு மாதா, மேலே இருந்து இறைவனின் கை ஒன்று நீள்கிறது. அதை வெகுகாலம் வெளிச்சுவரில் வைத்து, கல்லில் துளை போட்டுச் சூரியக் கடிகாரமாக வேறு பயன்படுத்தியிருக்கிறார்கள். பிறகுதான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

இவ்வளவும் தப்பியதற்கு முக்கியக் காரணம் கவிஞரும் வடிவமைப்புக் கலைஞருமான வில்லியம் மாரிஸ். அவர் 1871 முதல் பக்கத்துக் கெல்ம்ஸ்காட்டில் வீடு குத்தகைக்கு எடுத்திருந்தார். 1888–89இல் மிக்கிள்த்வெயிட் என்ற கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் இங்கே பழுது பார்த்தார்கள். பின்னால் நின்று பணம் திரட்டியது மாரிஸ். அவர் இதை நேசித்தார் என்று உள்ளே ஒரு சின்னப் பலகைகூட இருக்கிறது. கூரை ஒழுகாமல், சுவர் சாயாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் "அழகுபடுத்த" விடவில்லை. பழைய கோயிலைப் பராமரிக்க இதைவிடச் சரியான வழி இல்லை என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

#2 மாதா கோவில் தெரு

அருமையான அறிமுகம் அண்ணா. ஒரு சந்தேகம். இது நம்ம கத்தோலிக்கக் கோயிலா, ஆங்கிலிக்கனா? படங்களைத் தேடிப் பார்த்தேன். பிரசங்க மேடை அவ்வளவு பெரிசாக, பீடம் ஒரு மேசை மாதிரி ஒடுங்கி இருக்கிறது. சுரூபம், அதாவது புனிதர் சிலை, ஒன்றுகூட இல்லை. ஆனால் மாதா சிற்பம் மட்டும் எப்படித் தப்பியது?

#3 வடகரை வாசகி

கட்டியபோது கத்தோலிக்கம், இப்போது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை. அந்தக் காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் கிறிஸ்தவர் என்றால் ரோமின் கீழ்தானே.

1500இல் இப்படி ஒரு கிராமத்துக் கோயிலுக்குள் நுழைந்திருந்தால் உங்களுக்கு எல்லாமே பழக்கமாகத் தெரிந்திருக்கும், மாதா கோவில் தெரு. கல் பீடம், மெழுகுத்திரி, புனிதர்களின் சுரூபங்கள், லத்தீன் பூசை. மக்கள் நிற்கும் கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவே மரத் தடுப்பு. அதன் மேலே பெரிய பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மாதாவும் யோவானும். சுவரெல்லாம் ஓவியம். எழுதப் படிக்கத் தெரியாத சனங்களுக்கு அதுதான் மறைக்கல்வி. நடுக்கூடத்து வளைவுக்கு மேலே கடைசித் தீர்ப்பைத் தீட்டி வைப்பது வழக்கம். இடப்பக்கம் மோட்சம், வலப்பக்கம் நரகம், நரகத்தின் வாய் நிஜமாகவே ஒரு மிருகத்தின் வாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்!

அரசர் எட்டாம் ஹென்றி ரோமோடு முறித்துக்கொண்டபோதுகூட கிராமத்துக்குள் பெரிதாக எதுவும் மாறவில்லை. அவர் மகன் ஆறாம் எட்வர்ட் வந்ததும்தான் இடி விழுந்தது. 1547–48இல் சுரூபங்களை எடுக்கச் சொன்னார்கள், 1549இல் ஆங்கில வழிபாட்டுப் புத்தகம், 1550இல் கல் பீடத்தை இடித்து மர மேசை. 1553இல் கத்தோலிக்கரான மேரி அரசி வந்து எல்லாவற்றையும் திரும்ப வை என்றார். 1559இல் எலிசபெத் மறுபடி எடு என்றார். பன்னிரண்டு வருஷத்துக்குள் ஒரே கிராமம், பல ஊர்களில் அதே பங்குச் சாமியாரே, இத்தனை தடவை கோயிலைப் புரட்டிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் செலவு ஊர்க்காரன் தலையில்.

சுவர் ஓவியத்தை இடிக்க முடியாது, அதனால் சுண்ணாம்பு அடித்து மூடினார்கள். அதன்மேல் பத்துக் கட்டளை, விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம் என்று எழுதினார்கள். ஆற்றங்கரை சொல்லும் அடுக்குகள் அப்படி வந்தவைதான். கிண்டல் என்னவென்றால், அழிக்க அடித்த அதே வெள்ளைதான் பல ஊர்களில் ஓவியத்தை முந்நூறு வருஷம் காப்பாற்றியது.

#4 ஆட்சேபம்

எதிர்க்கட்சிக்கு ஆள் வேண்டும் போலிருக்கிறது, வந்துவிட்டேன்.

//அதற்கு மேல் "அழகுபடுத்த" விடவில்லை//

பணக்காரக் கலைஞர் ஒருவருக்குப் பழசு பிடித்திருந்தது, அதனால் ஊர்க்காரர்கள் பூச்சி அரித்த பலகையில் உட்கார வேண்டுமா? விக்டோரியா காலத்தில் ஆங்கிலேயக் கிராமங்கள் கோயிலைப் புதுப்பித்தது சும்மா ஆடம்பரத்துக்கு இல்லை. கூரை இடிந்து விழுந்துகொண்டிருந்தது. பெட்டி இருக்கைக்கு வாடகை கொடுத்த குடும்பங்கள் முன்னால், ஏழைகள் பின்னால் பெஞ்சில். அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கை போட்டது சமத்துவம் இல்லையா? சோஷலிஸ்ட் மாரிஸ் அதைத்தானே வரவேற்றிருக்க வேண்டும்? எனக்கு இது கொஞ்சம் சொகுசான ரசனையாகவே படுகிறது.

#5 கொத்தனார் மகன்

பெட்டி இருக்கைச் சண்டையில் நான் இல்லை. சுவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அது என் தொழில்.

விக்டோரியா காலத்து ஆட்கள் செய்த பெரிய சேதம் உள்பூச்சைக் கொத்தி எடுத்தது. இடைக்காலக் கிராமத்துச் சுவர் அறுத்த கல் இல்லை. ஒழுங்கில்லாத சிறு கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் போட்டு, இரண்டு முகத்துக்கும் நடுவே சல்லி நிரப்பியது. அது பூச்சோடு இருக்கத்தான் கட்டப்பட்டது. "உண்மையான கல் தெரியட்டும்" என்று பூச்சை எடுத்தால் ஓவியமும் போச்சு, சுவரின் சட்டையும் போச்சு.

அடுத்த சேதம் 20ஆம் நூற்றாண்டில் சிமெண்ட். இந்தச் சுவர்களுக்கு அஸ்திவாரம் பெயருக்குத்தான் இருக்கும், ஈரம் தடுக்கும் அடுக்கும் கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும், ஏறியபடியே சுண்ணாம்பு வழியாக வெளியேறும். வெளியே சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் உள்பக்கம் திரும்பும், உப்பைக் கூடவே கொண்டுவரும், பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்து ஓவியத்தைத் தள்ளிவிடும். கையால் தட்டினாலே தெரியும். ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டிச் சத்தம், பிரிந்த இடத்தில் பொள்ளல் சத்தம். (ஓவியம் உள்ள சுவரில் தட்டிப் பார்த்துவிடாதீர்கள்!) சுண்ணாம்பு மெதுவாக இறுகும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சுவர் அசைந்தால் கூடவே அசையும். சிமெண்டுக்கு அந்தக் குணம் கிடையாது, அது கல்லைத்தான் உடைக்கும்.

இங்கில்ஷத்தில் சுவர் பிழைத்ததற்குக் காரணம் மாரிஸின் ரசனை பாதி, சுண்ணாம்பை அப்படியே விட்டது பாதி.

#6 ஆற்றங்கரை

நன்றி கொத்தனார் மகன். ஆட்சேபம் சார், உங்கள் சமத்துவக் கேள்வி நியாயமானது. மாரிஸ் எதை எதிர்த்தார் என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

1876இல் அவர் பக்கத்து பர்ஃபோர்ட் கோயிலில் நடந்த புதுப்பிப்பைப் பார்த்துக் கொதித்துப் போனார். பாதிரியாரிடம் கேட்டதற்கு, கோயில் என்னுடையது, விரும்பினால் இதற்குள் தலைகீழாகவும் நிற்பேன் என்றாராம். செவிவழிக் கதைதான், அந்தப் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். அடுத்த வருஷம் ட்யூக்ஸ்பரி மடாலயக் கோயிலில் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் கைவைக்கப் போகிறார் என்று செய்தி வந்ததும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அன்றைய புதுப்பிப்பு எப்படி நடந்தது தெரியுமா? 13ஆம் நூற்றாண்டுப் பாணிதான் சுத்தமானது என்று தீர்மானித்துக்கொண்டு 15ஆம் நூற்றாண்டு ஜன்னலை உடைத்துவிட்டு 13ஆம் நூற்றாண்டு மாதிரி புது ஜன்னல் வைப்பார்கள். தரையில் பளபளப்பான அச்சு ஓடு. கடைசியில் ஊருக்கு ஊர் ஒரே கோயில்.

மாரிஸ் கூரையை மாற்றாதே என்று சொல்லவில்லை. தினமும் கவனி, ஓடு நழுவினால் அன்றே எடுத்து வை, முட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் கொடு, அது முட்டு என்று தெரியட்டும், பழசு மாதிரி வேஷம் போடாதே. அவ்வளவுதான்.

#7 ஆட்சேபம்

ஒத்துக்கொள்ள மாட்டேன். எசெக்ஸில் ஆங்கர் பக்கம் கிரீன்ஸ்டெட் என்று ஒரு கோயில். ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்து, தட்டைப் பக்கம் உள்ளே, வளைந்த பக்கம் வெளியே என்று நிறுத்திக் கட்டியது. 51 மரத் துண்டுகள் இன்னும் நிற்கின்றன. முதலில் 9ஆம் நூற்றாண்டு என்றார்கள், 1995இல் மர வளையங்களை எண்ணி 1063க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று திருத்தினார்கள். எப்படிப் பார்த்தாலும் ஐரோப்பாவில் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்று.

அது எப்படிப் பிழைத்தது? அடிமரம் மண்ணில் மக்கிப் போனதால் 1848 வாக்கில் மக்கிய அடியை அறுத்துவிட்டு, செங்கல் மேடை கட்டி, புது ஓக் சட்டத்தின்மேல் ஏற்றி வைத்தார்கள். கூரையையும் பெரும்பாலும் புதுசாகவே செய்தார்கள். உங்கள் மாரிஸின் "சுரண்டாதே" சங்கம் அப்போது இருந்திருந்தால் முட்டுக் கொடுத்து, உட்கார்ந்து அழுதிருக்கும். இன்று பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

#8 கொத்தனார் மகன்

நல்ல உதாரணம், அதை மறுக்க மாட்டேன். மரமும் கல்லும் ஒன்று இல்லை. மக்கிய மரத்தை வெட்டாமல் விட்டால் மேலே ஏறும். ஆனால் அங்கேயும் நல்ல மரத்தில் கைவைக்கவில்லை, கவனியுங்கள்.

எதிர்த்திசையில் ஒன்று சொல்கிறேன். கிளஸ்டர்ஷயரில் கெம்ப்லி. பீடப்பகுதியின் வளைகூரை முழுக்க 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டிய ஓவியம். நடுவில் வானவில்லின்மேல் கிறிஸ்து, இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்க்கும் அப்போஸ்தலர்கள். 1872இல் வெள்ளையை நீக்கிக் கண்டுபிடித்தார்கள். சரி, அதோடு நிறுத்தினார்களா? பாதுகாப்பு என்று சொல்லி அரக்கு மெருகு பூசினார்கள். அது கறுத்து, 1950களில் அதை எடுக்க வேண்டி வந்தது. பல கோயில்களில் இதே கதைதான். மெழுகைக் கரைத்துப் பூசினார்கள், மெழுகு தூசியைப் பிடித்துக்கொண்டது, ஈரத்தையும் பூட்டி வைத்தது. "பாதுகாத்த" ஆட்களிடமிருந்து காப்பாற்றவே ஒரு தலைமுறை வேலை பார்த்தது.

கெம்ப்லி ஏன் இவ்வளவாவது மிஞ்சியது? ஊர் நகர்ந்து போய்விட்டது. 1903இல் ஊருக்குள் வேறு கோயில் கட்டிக்கொண்டார்கள். பழையதை மறந்துவிட்டார்கள்.

#9 ஆட்சேபம்

அப்போ மறதிதான் சிறந்த பராமரிப்பு! இதை மாரிஸ் எங்கேயும் எழுதவில்லையே.

#10 வடகரை வாசகி

சிரித்துவிட்டேன். ஆனால் இதில் பாதி உண்மை இருக்கிறது. இங்கில்ஷமும் அப்படித்தான். ஊர் தேய்ந்துகொண்டே வந்தது, புதுப்பிக்கக் காசு இல்லை, நிலப்பிரபு யாரும் வந்து தன் பெயர் பொறித்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்துக் கோயிலை மாற்றவில்லை. மாரிஸ் வரும்போது காப்பாற்ற ஏதாவது மிச்சம் இருந்ததற்கே ஏழ்மைதான் காரணம்.

#11 மாதா கோவில் தெரு

செலவு யார் செய்வது என்று கேட்க வந்தேன். நம்ம பங்கில் கூரைக்கு வரி போட்டால் ஒரு வருஷம் சண்டை நடக்கும். அங்கே அரசாங்கம் கொடுக்குமா?

#12 வடகரை வாசகி

பெரும்பாலும் அந்தந்த ஊர் சனங்கள்தான். இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சுமார் 16,000 கோயில்கள், அதில் 12,500 போலச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. நாட்டின் முதல்தரப் பாதுகாப்புக் கட்டடங்களில் கிட்டத்தட்ட 45% கோயில்களே. அதை ஞாயிறு ஆராதனைக்கு வரும் பத்து இருபது பேர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள்.

இடைக்காலத்தில் ஒரு பங்கீடு இருந்தது. மக்கள் நிற்கும் கூடத்தை ஊர் பார்க்க வேண்டும், பீடப்பகுதியைத் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்குபவர் பார்க்க வேண்டும். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அவற்றிடம் இருந்த தசமபாக உரிமை தனியார் கைக்குப் போனது, கூடவே அந்தக் கடமையும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு போனது. வார்விக்ஷயரில் ஆஸ்டன் கேன்ட்லோ என்ற ஊரில் ஒரு பண்ணைக்குச் சொந்தமான தம்பதிக்குப் பீடப்பகுதிப் பழுதுக்கான பில் வந்தது. கோர்ட், மேல் கோர்ட் என்று ஏறி 2003இல் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர்கள் கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தொகை 1,80,000 பவுண்டுக்கு மேல், வழக்குச் செலவு தனி. அதற்கப்புறம்தான் வீடு வாங்கும் எல்லோரும் இந்தக் கடன் நம் நிலத்தின்மேல் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். பதிவு செய்யாத உரிமைகள் தானாகவே நிலத்தை வாங்குபவரைக் கட்டும் நிலை 2013 அக்டோபரோடு போனது.

இங்கில்ஷத்தில் வழக்கமான ஆராதனை நின்றுவிட்டது. இப்போது அது சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் கையில். 1969இல் தொடங்கிய அமைப்பு, ஆராதனை நின்றுபோன 350க்கு மேற்பட்ட கோயில்களைப் பார்த்துக்கொள்கிறது. அரசும் திருச்சபையும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கும், மீதியை அவர்களே திரட்ட வேண்டும். அபிஷேகம் செய்த கோயில் என்ற நிலை போகவில்லை, எப்போதாவது வழிபாடு நடக்கும்.

#13 ஹெரிஃபோர்ட் நர்ஸ்

நான் படிப்பாளி இல்லை, இங்கே கிராமத்தில் குடியிருக்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலும் 12ஆம் நூற்றாண்டு. புகழ் எதுவும் இல்லாததால் பெயர் வேண்டாம். பூ வைக்கும் முறை, தரை கூட்டும் முறை எல்லாம் பட்டியல் போட்டுக் கதவருகே ஒட்டியிருப்பார்கள். என் பெயரும் அதில் உண்டு.

நீங்கள் ஓவியம் பற்றிப் பேசுகிறீர்கள், இங்கே எங்கள் பிரச்சினை வௌவால். 1981 சட்டப்படி அதைத் தொடக்கூடாது, தங்கும் இடத்தை அடைக்கவும் கூடாது. எச்சமும் மூத்திரமும் இருக்கையெல்லாம், பித்தளைக் கல்லறைத் தகடெல்லாம். சனிக்கிழமை சாயங்காலம் பீடத்து விரிப்பின்மேல் பிளாஸ்டிக் போட்டு மூடுவேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுப்பேன். ரெண்டாவது பிரச்சினை கூரைமேல் போட்ட ஈயத் தகடு. ராத்திரியில் வந்து உரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த மழைக்குத்தான் தெரியும்.

ஆனால் ஊரில் வேறு என்ன இருக்கிறது? கடை மூடியாச்சு, பள்ளிக்கூடம் மூடியாச்சு. கோயிலுக்கு வராதவரும் ஆளோடு மண்வெட்டியைக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் பண்ணுகிறார், ஏனென்றால் அவர் தாத்தா அங்கே கிடக்கிறார். 1538இலிருந்து ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுத வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார். அதை வைக்க இரண்டு பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, ஒரு சாவி சாமியாரிடம், ஒன்று ஊர்க்காரர்களிடம். எங்கள் கோயிலில் அந்த மாதிரிப் பழைய பெட்டி இன்னும் இருக்கிறது. உள்ளே கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை வைக்கிறோம்!

ஆட்சேபம் அண்ணாவுக்கு ஒன்று. பெட்டி இருக்கை அநியாயம்தான், ஆனால் எங்கள் விக்டோரியா காலத்து பெஞ்சில் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கதவு வைத்துக் காற்றை அடைத்தவர்களுக்குக் கொஞ்சம் புத்தி இருந்திருக்கிறது.

அப்புறம், இந்தப் பக்கம் வருகிறவர்கள் கில்பெக் ஊர்க் கோயிலை விட்டுவிடாதீர்கள். 1140 வாக்கில் செதுக்கியது, செம்மணற்கல். கூரைக்குக் கீழே சுற்றிலும் 85 சிற்பத் தலைகள். நாயும் முயலும் ஒட்டி நிற்கும் ஒன்று குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கால் அகட்டிய பெண் உருவம் ஒன்றும் இருக்கிறது. காமத்துக்கு எச்சரிக்கை என்கிறார்கள் சிலர், வளத்துக்கு என்கிறார்கள் சிலர். எங்கள் ஊர்ப் பாட்டிகளைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

#14 ஆட்சேபம்

பிளாஸ்டிக் விரிப்பு விஷயத்தைக் கேட்டபின் சண்டை போட மனசு வரவில்லை, நர்ஸம்மா. இருந்தாலும் என் கட்சியை விடமாட்டேன்: ஆள் வந்து போகும் கோயில் கொஞ்சம் மாறத்தான் செய்யும். இங்கில்ஷத்தில் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்வது எளிது, அங்கே ஞாயிறுதோறும் குளிரில் உட்கார யாரும் இல்லை. உங்கள் கோயிலில் கழிப்பறை வைக்க வேண்டும் என்றால் எந்தச் சுவரை உடைப்பது என்று மாரிஸ் சொல்வாரா?

#15 ஹெரிஃபோர்ட் நர்ஸ்

கழிப்பறை கேட்டு எழுதியாகிவிட்டது. திருச்சபையின் அனுமதி வேண்டும், தரைக்கு அடியில் எலும்பு இருக்குமா என்று பார்க்கத் தொல்லியல் ஆள் வர வேண்டும். அதுவரைக்கும் எதிர்வீட்டுக்காரர் புண்ணியம்.

#16 மாதா கோவில் தெரு

ஜூனில் லண்டன் வருகிறேன், இங்கில்ஷம் போயே தீர வேண்டும். சுவரில் பழைய காலத்துக் கிறுக்கல்கள் இருக்குமாமே, எங்கே தேடுவது?

#17 ஆற்றங்கரை

எந்தப் பழைய கோயிலிலும் தெற்கு வாசலில் தொடங்குங்கள். கதவு நிலையின் கல்லில் ஒரு துளை, அதிலிருந்து விசிறி மாதிரிக் கோடுகள் இருந்தால் அது பூசை நேரம் பார்க்கும் சூரியக் கடிகாரம். துளையில் குச்சி செருகி நிழல் பார்த்தார்கள். உள்ளே தூண்களில் கவராயத்தால் போட்ட ஆறிதழ்ப் பூ, கப்பல், கைத்தடம், பெயர்கள். ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஆஷ்வெல் கோயில் கோபுரத்தில் 1350இன் கொள்ளைநோயையும் 1361 புயலையும் லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்கள்.

நேராக வெளிச்சம் அடித்தால் எதுவும் தெரியாது. சின்ன டார்ச் ஒன்றைச் சுவருக்குப் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். கீறலின் நிழல் விழும். பூச்சின்மேல் விரல் வைக்காதீர்கள், சாயாதீர்கள், முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டி இருக்கைகளுக்கு நடுவே திரும்பும்போது அது சுவரில்தான் உரசும். லெச்லேடில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம். மழை பெய்திருந்தால் நல்ல பூட்ஸ் போடுங்கள், ஆற்றோரம் சேறு.